வெள்ளி விழாவின் நான்காம் ஆண்டு நிறைவு விழா

1975 ஆகஸ்ட் மாதம் இரண்டாம் சனிக்கிழமை, சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு வாடகை மண்டபத்தில், மூடிய தகரப் பெட்டிக்குள் இருந்த சினிமாக் கதாநாயகனுக்கு முதல் நரை விழுந்தது. அப்போது மாலை ஏழு இருபது. மேடையில் நான்காவது வாழ்த்துரை நடந்துகொண்டிருந்தது. அவன் நடித்த படம் வெளியாகி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சரியாகப் பார்த்தால் வெள்ளி விழா நாள் அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. மண்டபம் சனிக்கிழமைதான் கிடைக்கும் என்பதால் தமிழர் கழகம் வரலாற்றை நான்கு நாள் தள்ளி வைத்திருந்தது. தீபாவளிக்கே அந்த ஊரில் அதுதான் நடைமுறை.

அன்றைக்குக் கழகத்தில் நாற்பத்தொரு குடும்பங்களும் பதினேழு பதவிகளும் இருந்தன. தலைவர் வரதராஜா குழாய்நீர்ப் பொறியியலாளர். வாரம் முழுக்க ஆங்கிலத்தில் அடக்கமாக இருந்துவிட்டு, மைக் கிடைக்கும் நாளில் தமிழில் திறந்துவிடுவார். படச்சுருளுக்கும் அதை ஓட்டும் இயந்திரத்துக்கும் சொந்தக்காரர் மெல்போர்னில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த மதுரைக்காரர் வாசுதேவன். நான்கு தகரப் பெட்டிகளுடன் இரவு ரயிலில் முதுகு வலிக்க வந்து இறங்கினார். அவருக்குக் கதிரை போட மறந்தவர்கள் பெட்டிகளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வரவேற்புரை, ஐந்து வாழ்த்துரை, தலைமையுரை எல்லாம் முடிந்து படம் தொடங்கியது. பத்து மணிக்கு, மண்டபத்தை மூடும் நேரம் என்று காவலர் விளக்கைப் போட்டார். அந்த நேரம் இரண்டாவது சுருள் முடிந்து, கதாநாயகி மாமனார் வீட்டுப் படலையைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருந்தாள். கூட்டம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனது.

நரையைப் பூஞ்சணம் என்று நினைத்து வாசுதேவன் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. தகரத்துக்குள் இருபத்தைந்து ஆண்டு வாடாமல் கிடந்தவர்களுக்கு ஒரு வாழ்த்துரைக்கு ஒரு வயதும் தலைமையுரைக்கு மூன்று வயதும் கூடுவதை அவர் பின்னர் கணித்தார். சொன்னால் விழாக் குழு அதையும் பாராட்டிப் பேசும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை.

படலைக்கு அப்பால் என்ன நடந்தது என்று உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தவர் அந்த மண்டபத்தில் ஒரே ஒருவர்தான்: தலைவரின் மனைவி நாகேஸ்வரி. 1950இல் பதினாறு வயதில், யாழ்ப்பாணத்தில் இதே படத்தை இதே இடம் வரை பார்த்திருந்தார். இடைவேளையில் பெரியப்பா டோர்ச் லைட்டுடன் வந்து, பெண் பார்க்க ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று காரில் ஏற்றிக்கொண்டு போனார். வந்திருந்த மாப்பிள்ளை வரதராஜா. அதன் பிறகு கல்யாணம், கொழும்பு, கப்பல், சிட்னி. படலையைத் தாண்டியவள் திரும்பி வந்தாளா, போயே விட்டாளா என்று நாகேஸ்வரி பலரிடம் கேட்டிருந்தார். வந்தாள் என்றார்கள் பாதிப்பேர், கிணற்றில் விழுந்தாள் என்றார்கள் மீதிப்பேர். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நுண்நோக்கியில் இரத்த அணு பார்ப்பது அவருடைய தொழில். தன் கண்ணால் காணாததை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை.

வெள்ளி விழா அந்த ஆண்டோடு முடிந்திருக்கும். வரதராஜா விடவில்லை. 1976இல் வெள்ளி விழாவின் முதலாம் ஆண்டு நிறைவு விழா எடுத்தார்; அடுத்த ஆண்டு இரண்டாம் ஆண்டு நிறைவு. ஒவ்வொரு ஆண்டும் பேச ஒருவர் கூடினார். திரையில் வில்லன் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கடிதத்தைத் திருடினான். கதாநாயகன் மலைப்பாட்டில் பாதிச் சரணத்துக்குப் பாறையில் குந்திவிட்டான். 1978இல் கதாநாயகி முற்றத்தைக் கடந்து படலைக்கு வரவே பதினொரு நிமிடம் எடுத்தாள். பிரிண்ட் பழசு என்று கூட்டம் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. எல்லோரும் மெதுவாக நடந்ததால் படமும் நீண்டு, ஒவ்வொரு ஆண்டும் கதை படலையைத் தாண்டும் முன்பே பத்து மணி ஆகிவிட்டது.

1979இல், விழாவுக்கு முன்பு, வாசுதேவன் நாகேஸ்வரியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “அடுத்த வருஷம் வரைக்கும் இவங்க தாங்குவாங்கன்னு தோணலைங்க மேடம். நேத்து பெட்டியத் திறந்தா இருமல் சத்தம் கேக்குது.”

நாகேஸ்வரி நேரே கணவரிடம் போனார்.

“இஞ்சேருங்கோ, இண்டைக்கு உங்கட பேச்சைக் கொஞ்சம் குறையுங்கோ.”

“தலைமையுரை இல்லாமல் விழாவோ? ஆக்கள் என்ன நினைப்பினம்?”

“ஆக்கள் சாப்பாட்டை நினைப்பினம்.”

“உமக்கு விளங்காது,” என்று வரதராஜா வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு மேடை ஏறினார்.

நாற்பதாவது நிமிடத்தில் நாகேஸ்வரி எழுந்து பின்னால் வாசுதேவனிடம் போனார். “மூண்டாம் பெட்டியைப் போடுங்கோ.”

“சார் பேசிட்டிருக்காரே?”

“அவர் பேசட்டும். நீங்கள் போடுங்கோ.”

படம் வரதராஜாவின் சட்டையிலும் திரையிலுமாக விழுந்தது. படலைக்கு வெளியே அறுபதைத் தாண்டிய ஒருத்தி, கால் வீங்கி நின்றாள். அவளை அழைத்துப் போகக் கதாநாயகன் மூச்சிரைக்க வந்தான். அங்கே அவனுக்கு நீண்ட வசனம் ஒன்று எழுதப்பட்டிருந்தது. வாயைத் திறந்தான், ஒரு வரியும் ஞாபகம் வரவில்லை. வீட்டைக் கையால் காட்டினான். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். தெருவைப் பார்த்தாள், அது மிகவும் நீளமாக இருந்தது. பிறகு அருகிலிருந்த மதகில் உட்கார்ந்தாள். அவனும் உட்கார்ந்தான். பின்னணி இசை கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு நின்றது.

தன் நெஞ்சின் மேல் என்ன நடக்கிறது என்று குனிந்து பார்த்த வரதராஜா, கழக வரலாற்றில் முதன்முறையாக ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். மேடையை விட்டு இறங்கி, நாகேஸ்வரிக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். மூன்றாம் சுருள் முழுக்க, பிறகு நான்காம் சுருள் முழுக்க, திரையில் அந்த இரண்டு பேரும் மதகிலேயே இருந்தார்கள். கூட்டம் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை.

“முடிஞ்சுதோ?” என்றார் வரதராஜா.

“ஓம்.”

“அவள் திரும்பிப் போனவளோ?”

“இல்லை.”

“அப்ப விட்டிட்டுப் போயிட்டாளோ?”

“அதுவும் இல்லை. களைச்சுப்போய் இருந்திட்டினம்.”

வரதராஜா யோசித்துவிட்டு, “அது சரிதான்,” என்றார். நாகேஸ்வரி சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். அன்றைக்கு நன்றியுரை நடக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வாசுதேவன் பெட்டிகளை மெல்போர்னுக்குக் கொண்டுபோய் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். ஓட்டி முடித்த சுருளை மறுபடி திருப்பிச் சுற்றி வைப்பதுதான் முறை. அவர் சுற்றவில்லை. சுற்றினால் அந்த வயதில் இரண்டு பேரும் முதலிலிருந்து நடக்க வேண்டியிருக்கும்.