தனுஷியா றக்பிக்குப் போன காரணம்

பனிச்சங்கேணியில் தனுஷியாவின் வீடு பூட்டிக் கிடந்தது. தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடமாகிவிட்டது. தகப்பன் அதற்கு முன்பே வேறு குடும்பமாகிப் போய்விட்டார். தனுஷியா செங்கலடியில் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய் வந்தாள். வெள்ளிக்கிழமை விரிவுரை முடிந்தால் திங்கள் காலை வரை அவளோடு பேச ஆள் கிடையாது. கடையில் பாண் கேட்பதற்கு மட்டுந்தான் வாய் திறப்பாள். ஒரு திங்கட்கிழமை வரவு எடுத்தபோது அவளுக்குக் குரலே எழும்பவில்லை. முன்வரிசையில் இருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்த வாரந்தான் பெண்கள் றக்பி அணிக்கு ஆள் சேர்க்கும் அறிவித்தலைக் கண்டாள். அந்த விளையாட்டைத் தொலைக்காட்சியில் ஓரிரு முறை பார்த்ததோடு சரி. ஆனாலும் செவ்வாய் பின்னேரம் மைதானத்துக்குப் போனாள்.

பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பயிற்றுநர் றுஸ்தி, ஏறாவூர்க்காரர், ஒவ்வொருவரிடமும் ஏன் வந்தாய் என்று கேட்டார். ஒருத்தி உடம்பைக் குறைக்க என்றாள். இன்னொருத்தி, போட்டிக்கென்று கண்டிக்குப் போகலாமாமே என்றாள். விதுர்ஷா என்ற கட்டையான பெண், கபடியில் ஆட்களை விழுத்தி அலுத்துவிட்டது என்றதும் எல்லாரும் சிரித்தார்கள்.

"சும்மா வந்தன் சேர்," என்றாள் தனுஷியா. அவர் மேலே கேட்காமல் பெயரை எழுதிக்கொண்டார்.

முதலில் மூன்று மூன்று பேராக நிற்கவைத்தார். ஒருவர் முதுகைச் சுற்றி மற்றவர் கையைப் போட்டுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, குனிந்து, எதிரே நிற்கும் மூவரைத் தோளால் தள்ள வேண்டும். நடுவில் நின்ற விதுர்ஷா தனுஷியாவை இழுத்து அணைத்துக்கொண்டாள். தனுஷியாவின் கை பட்டும் படாமலும் கிடந்தது.

"இறுக்கிப் பிடிகா. நீ விட்டா நான் விழுந்திருவன்."

பிடித்தாள். விதுர்ஷாவின் மூச்சு காதில் சுட்டது. வியர்வையில் நனைந்த சட்டைக்குள்ளே விலா எலும்பு ஏறி இறங்குவது தெரிந்தது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் தாய் கட்டிப்பிடித்து அழுததற்குப் பிறகு ஒரு மனிதக் கை தன்மேல் இப்படிப் படவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலை குனிந்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. கண் கலங்கியதை யாரும் காணவில்லை.

அதன் பிறகு ஒரு பயிற்சியையும் அவள் விடவில்லை.

ஒரு மாதம் கழித்து, தாய் தொலைபேசித் திரையில் மகளின் முகத்தில் நீலம் பாரித்திருந்த கண்டலைக் கண்டுவிட்டாள். பொம்பிளைப் பிள்ளைக்கு இந்த விளையாட்டு எதற்கு, முகம் உடைந்தால் ஆர் பொறுப்பு என்று ஏசினாள். சான்றிதழ் கிடைக்கும், வேலைக்கு உதவும் என்று சொல்லத்தான் தனுஷியா நினைத்திருந்தாள்.

"அதில என்னப் பிடிக்கிறாங்கம்மா," என்றாள். "இறுக்கிப் பிடிக்கிறாங்க. நீங்க போனதுக்குப் பிறகு ஆரும் என்னப் பிடிக்கல்ல."

திரையிலிருந்து தாயின் முகம் விலகியது. வெள்ளைக் கூரையும் மின்விளக்கும் மட்டும் தெரிந்தன. எங்கோ ஒரு குழந்தை அரபியில் எதையோ கேட்டு அழுதது.

"காயம் படாம விளையாடு புள்ள," என்று குரல் மட்டும் வந்தது. இணைப்பு அறுந்தது.

கண்டியில் நடந்த போட்டியில் நாற்பத்து மூன்றுக்குப் பூச்சியத்தில் தோற்றார்கள். வரும்போது பஸ்ஸில் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். தனுஷியா தூங்கவில்லை, தோளில் கிடந்த தலை விழுந்துவிடாமல் செங்கலடி வரைக்கும் அசையாமல் இருந்தாள்.

பிறகு பரீட்சை வந்தது. பயிற்சியை நிறுத்தினார்கள். வட்ஸ்அப் குழுவில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு செவ்வாய்க்கிழமைகள் தனியாகப் போய், மாடுகள் மேயும் மைதானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். மூன்றாவது செவ்வாய் அவள் மைதானத்துக்குப் போகவில்லை. மாணவியர் விடுதிக்குப் போய், வாழ்நாளில் யாருடைய கதவையும் தட்டாதவள், விதுர்ஷாவின் கதவைத் தட்டினாள்.

விதுர்ஷா தலை வாராமல், கையில் குறிப்புப் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"பயிற்சி இல்லையே," என்றாள்.

"தெரியும்," என்றாள் தனுஷியா. "நாம ரெண்டு பேரும் செய்யலாம்தானே?"

நாளைக்குப் புள்ளிவிபரவியல் பரீட்சை என்று விதுர்ஷா முணுமுணுத்தாள். பிறகு புத்தகத்தைக் கட்டிலில் எறிந்துவிட்டு, கதவுக்குப் பின்னால் விளையாட்டுச் சப்பாத்தைத் தேடினாள்.