மாடிக்குக் குடிவந்தவள்

கொரோனாவால் விமானங்கள் எல்லாம் நிற்கப் போகின்றன என்று செய்தி வந்த அன்றே அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். கைக்குழந்தையோடு நின்ற மகளுக்கு முகம் தொங்கிப்போனது.

"வருஷம் முழுக்க இருக்கேன்னு வந்துட்டு இப்படிப் பாதியில ஓடுனா எப்படிம்மா? அப்பாவை அத்தை பாத்துக்க மாட்டாங்களா?"

பார்த்துக்கொள்வாள்தான். ஆனால் போனில் அவர் கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். "சாப்பிட்டியா" என்பார். ஆமாம் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் மறுபடியும் "சாப்பிட்டியா". நேரில் போய் முகத்தைக் காட்டிவிட்டால் மனுஷன் சரியாகிவிடுவார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான், மாஸ்க்கும் கையுறையுமாக, கிடைத்த விமானத்தில் ஏறினாள்.

வந்து இறங்கினால் சொந்த வீட்டுக்குள் விடவில்லை. சுகாதாரத் துறை ஆட்கள் கேட்டில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, "அவருக்கு வயசாகுது, நீங்க தனியாத்தான் இருக்கணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். நல்ல வேளை, வாடகைக்கு விடும் மாடி அறை காலியாகக் கிடந்தது. வெளிப்படிக்கட்டு வழியாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறினாள். நாத்தனார் சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு, எட்டி நின்று குரல் கொடுத்தாள்.

சாயங்காலம் அவர் வாசலுக்கு வந்தார். அந்தக் காலத்தில் பாதி ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். சும்மா நின்றால்கூட வலது கால் பிரேக்கின் மேல் இருப்பது மாதிரிதான் நிற்பார். இவள் ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கண்ணாடி போடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அதற்குள் போன் அடித்தது.

"ஏய் கிளட்ச்சு, எப்படி இருக்க?"

அது அவர் வைத்த பெயர். கல்யாணமான புதிதில் கார் கற்றுக்கொண்டபோது, கிளட்சில் வைத்த காலை இவள் எடுத்தால்தானே. அன்றிலிருந்து அவருக்கு இவள் கிளட்ச்தான். மகள் காதில்கூட விழாமல்தான் கூப்பிடுவார்.

"நல்லாத்தான் இருக்கேன். இப்பதானே உங்களைப் பாத்துக் கையாட்டினேன்."

"அங்கேருந்து ஆட்டினா இங்க தெரியுமாக்கும். இத கேளு, நம்ம மாடிக்கு ஒரு அம்மா குடி வந்திருக்கு. வெள்ளைத் தலை. யாரும் இல்ல போல, பாவம், என்னைப் பாத்துக் கையாட்டுது. நீ உடனே சந்தேகப்படாத. நான் தலையை மட்டுந்தான் ஆட்டினேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

"மாடியில இருக்கிறது நான்தாங்க."

"கதை விடாத" என்று சிரித்தார் அவர்.

மறுநாள் நாத்தனாரைப் படியில் மடக்கினாள். "எப்பலேருந்து அண்ணி இப்படி?"

"நீ போன கொஞ்ச நாள்லயே." நாத்தனார் நிமிர்ந்து பார்க்கவில்லை. "சொன்னா நீ ஓடி வருவ. அங்க பொண்ணு பச்சை உடம்புக்காரி. உன் குரலைக் கேட்டா நல்லாத்தான் பேசுறான், அதான் உனக்கும் பிடிபடல. சில நேரம் என்னையே யாருன்னு கேக்குறான்."

வெள்ளைத் தலைதான் காரணம் என்று இவள் முடிவு கட்டினாள். மகள் வீட்டில் இருந்த மாதங்களில் சாயம் பூசவே நேரமில்லை, பஞ்சாக நரைத்துவிட்டது. கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. நாத்தனார் யார் யாரிடமோ கேட்டு, பாதி தீர்ந்த பாக்கெட் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். தனிமைக் கெடு முடிந்த அன்று காலையில் அதைப் பூசிக் குளித்து, கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு கீழே இறங்கினாள். பெண் பார்க்க வந்த அன்றுகூட அவள் இத்தனை தடவை கண்ணாடி பார்த்ததில்லை.

அவர் டீயோடு உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எழுந்தார்.

"வாங்கம்மா. மேல தண்ணி சரியா வருதா?"

"என்னங்க, என்னை நல்லாப் பாருங்க."

பார்த்தார். நெருங்கி வந்து பார்த்தார். இவள் முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.

"என் வீட்டுக்காரி சாடை கொஞ்சம் இருக்கு" என்றார். "அவ வெளிநாடு போயிருக்கா. வந்ததும் உங்களுக்குக் காட்டுறேன்."

"நான்தாங்க அது. உங்க கிளட்ச்சு."

அவர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?" உள்ளே திரும்பிக் கத்தினார். "அக்கா, இங்க வா. இந்தம்மாவை வெளிய போகச் சொல்லு."

நாற்காலியை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டுக்கொண்டார். வலது கால் தரையை அழுத்தி அழுத்திப் பிரேக்கைத் தேடியது. இவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அதற்கு மேல் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டாள்.

பாதிப் படி ஏறுவதற்குள் போன் அடித்தது. அங்கேயே உட்கார்ந்து எடுத்தாள்.

"கிளட்ச்சு, மாடியில இருக்கிறவ ஆளு சரியில்லடி. உன் பேரைச் சொல்லிக்கிட்டு உள்ள வரப் பாக்குறா. எனக்குப் பயமா இருக்கு. நீ சீக்கிரம் வந்துடு."

அதே குரல் பக்கத்து ஜன்னல் வழியாகவும் வந்தது. எட்டிப் பார்த்தால் ஆள் தெரியும். அவள் எட்டிப் பார்க்கவில்லை.

"பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல."

"அவ திரும்ப வந்தா?"

"வர மாட்டா. நான் அவகிட்டச் சொல்லிடுறேன்."

அவர் மூச்சு மெல்ல அடங்கியது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே மீதிப் படிகளை ஏறி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"ஆச்சுங்க."

"சாப்பிட்டியா?"