தளரும் நூல்

மீன் கடித்தால் நூல் இழுபடும் என்றுதானே நீங்களும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? யாழ்ப்பாணத்துப் பாசையூரில் கடற்தொழில் செய்த சீமோனும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஐம்பத்திரண்டு வயதுவரைக்கும் அவருக்குத் தெரிந்த மீனெல்லாம் இழுத்த மீன்தான்.

நவம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. விடிந்தால் மனைவி றெஜினா ரொறன்ரோவில் வந்து இறங்குகிறார், ஆறு வருடத்துக்குப் பிறகு. ஸ்காபரோவில் சீமோன் இருந்த பேஸ்மென்ற் அறையில் புதுப் போர்வை இருந்தது, இரண்டு கோப்பை இருந்தது, ஒரு பொய்யும் இருந்தது.

வந்த புதிதில், தனிமை தெரியக்கூடாது என்று, "இஞ்சையும் மீன் பிடிக்கப் போறனான்" என்று ஃபோனில் சொல்லிவிட்டார். பிறகு பிளாசா மீன்கடையில் வாங்கிய மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் அனுப்பினார். றெஜினா கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்.

"ஏனப்பா, மீன்ர கண் குழிஞ்சு கிடக்கு?"

"இது குளிர் நாடெல்லே. இஞ்சத்தை மீனுக்கு அப்பிடித்தான்."

"அப்ப நான் வந்த கையோட, நீங்கள் பிடிச்ச மீனிலதான் சொதி வைப்பன்."

அதனால்தான் அன்று மத்தியானம் சீமோன் தூண்டில் கடைக்குப் போனார். அங்கே வேலை செய்யும் கிளிபோட்டை ஞாயிறு பூசையில் கண்ட பழக்கம்.

"தம்பி, நல்ல மொத்தத் தங்கூசி நூல் தாரும். பெரிய தூண்டில், கனத்த ஈயம்."

"எங்க அண்ணை போறியள்?"

"பிக்கறிங் படகுத்துறைக்கு."

"ஏன், அங்க சுறா வந்திட்டுதோ?" கிளிபோட் சிரித்தான். "உந்தக் குளிருக்கு கிரப்பிதான் கடிக்கும். உள்ளங்கை அகல மீன். அதுக்கு உந்தத் தங்கூசி கயிறு மாதிரி."

தலைமயிர் போன்ற நூல் ஒன்றை எடுத்து வைத்தான். புளியங்கொட்டை அளவில் ஒரு மிதவை. பிறகு ஒரு பெட்டியைத் திறந்தான். உள்ளே, கடுகளவு ஈயத்தில் பஞ்சுபோல இறகு கட்டிய சின்னச் சின்னத் தூண்டில்கள். ஜிக் என்றான்.

"உது நுளம்பெல்லோ?"

"நுளம்புதான் வேணும். குளிருக்குள்ள மீன் அரை நித்திரை அண்ணை. துரத்தாது. வாய்க்கு முன்னால ஆடாமல் வைச்சிருங்கோ, கொட்டாவி விடேக்க உள்ள போகும். தண்ணி கலங்கினா பச்சை, தெளிஞ்சா வெள்ளை."

சீமோன் ஒவ்வொன்றாக எடுத்துக் கடை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூச்சுப் பட்டாலே இறகு விரிந்து சுருங்கியது. வெள்ளையை விட்டு அவர் கண் எடுபடவில்லை. பாசையூர்க் கோயிலில் றெஜினா தலைக்குப் போடும் முக்காடு அந்த வெள்ளை. காற்றில் அப்படித்தான் ஆடும். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

"அண்ணை, வாங்கப் போறியளோ, கலியாணம் கட்டப் போறியளோ?"

"கட்டியாச்சடா. நாளைக்கு வாறா."

கிளிபோட் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான்: "அப்ப வடிவாக் கேளுங்கோ. உந்த மீன் கவ்விக்கொண்டு மேல எழும்பும். நூல் இழுபடாது, தளரும். மிதவை படுக்கும். உடனே வெட்டி இழுத்துப் போடாதேங்கோ. அதின்ர வாய் ரிஷூ பேப்பர்."

மூன்று மணிக்குப் படகுத்துறையில் ஆளே இல்லை. படகுகளையெல்லாம் வெள்ளைப் பிளாஸ்ரிக்கில் சுற்றிக் கரையேற்றியிருந்தார்கள். தண்ணீர் அசையவில்லை. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நடுவில் அந்த மிதவை மட்டும், எதிலும் ஒட்டாமல் தொங்கியதுபோல.

மிதவை மெல்லச் சாய்ந்து படுத்தது. விரலில் இருந்த கொஞ்சப் பாரமும் இல்லாமற் போனது. சீமோனின் வலக்கை அவரைக் கேட்கவில்லை. பாரை மீனுக்கு வெட்டி இழுத்ததுபோல ஒரே வெட்டு. தூண்டில் மட்டும் வந்தது. நுனியில், வெங்காயத் தோல்போல உதட்டுத் துண்டு.

இரண்டாவது மீனும் அப்படித்தான் போனது. மூன்றாவதும். முப்பது வருடம் கடலில் பழகிய கை. சொல்லித் திருத்த முடியாது. வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. தனக்கென்று ஒரு மீனும் இல்லாத வீட்டில் றெஜினா பையை வைத்துவிட்டு நிற்பதை அவர் மனக்கண்ணில் கண்டார்.

பிறகு தூண்டில் தடியை இடக்கைக்கு மாற்றினார். இடக்கைக்கு மீனைப்பற்றி ஒன்றும் தெரியாது. வலக்கையை ஜக்கெற் பைக்குள் போட்டு ஸிப்பையும் இழுத்துவிட்டார்.

இறகு கீழே எங்கோ தூங்கியது. மிதவையும் அவரும் தூங்கினார்கள் என்றே சொல்லலாம். குளிர் காலிலிருந்து ஏறி இடுப்புக்கு வந்து, பிறகு மறந்துபோனது. றெஜினா கரையில் முக்காடோடு நடந்து வருவதுபோல இருந்தது. காலடிச் சத்தமில்லை, அவசரமுமில்லை.

மிதவை படுத்தது. பைக்குள் வலக்கை துடித்தது. இடக்கை, பாலில் ஆடை எடுப்பதுபோல, தடியை மெல்ல மெல்ல உயர்த்தியது. வெள்ளித் தோலில் கறுப்புப் பொட்டுகளோடு ஒரு மீன் சத்தமில்லாமல் மேலே வந்தது. வாயோரத்தில் வெள்ளை இறகு.

ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு இருட்டிவிட்டது.

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு விமானம் இறங்கியது. வீட்டுக்கு வந்த றெஜினா பிறிட்ஜைத் திறந்து, முதலில் மீனின் கண்ணைப் பார்த்தார். குழியவில்லை. பிறகு கத்தி கேட்டார். சொதிக்கு ஒரு மீன் காணாது என்று, ஒரு ரின்மீனையும் உடைத்தார்கள்.