இருபது லட்சம் புள்ளிகள்

மாமாவின் சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் மாமியும் அவளுக்குப் பக்கத்தில் என் மனைவி ஜின்சியும் நின்றுகொண்டிருந்தபோது, இன்னும் மூன்று படத்துக்குத்தான் இடம் என்று என் கேமரா காட்டியது. தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஓணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, காலை பத்து மணி. செங்கல் என்ற ஊரில் மாமா வீட்டு முற்றத்துப் பந்தல் மேல் தூறல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்ள இன்னும் பதினைந்து குடும்பங்கள் காத்து நின்றன. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அதுதான் வழக்கம். பெட்டியை மூடுவதற்கு முன் அண்ணன் குடும்பம், தங்கை குடும்பம், சம்பந்தி குடும்பம் என்று முறைப்படி வந்து நிற்பார்கள். கல்யாணத்தில் நிற்பது போலத்தான், சிரிப்பு மட்டும் இருக்காது. ஒரு குடும்பத்தை விட்டுவிட்டால் போதும், பிறகு பத்து வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

வழக்கமாக இதற்கெல்லாம் பாறசாலையிலிருந்து ஸ்டுடியோக்காரர் வருவார். வேண்டாம் என்று தடுத்தவன் நான்தான். "அவரு எதுக்கு? நான் இருக்கேன்லா. இருபது லட்சம் புள்ளி உள்ள கேமராவாக்கும் இது. எறும்புக்க கால எண்ணலாம்" என்று சொல்லிவிட்டேன். மஸ்கட்டில் ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. பிலிம் கிடையாது, கழுவ வேண்டாம், எடுத்த உடனே பின்பக்கத்துக் கண்ணாடியில் பார்க்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு நிகர் நான்தான். அந்தக் கேமராவின் குணம் என்னவென்றால், நுணுக்கமாக எடு என்று வைத்தால் அதன் கார்டில் மொத்தமே ஒன்பது படம்தான் கொள்ளும். புள்ளி குறைத்துச் சாதாரணமாக எடு என்று வைத்தால் தொண்ணூறு. பெருமை காட்டுகிற அவசரத்தில் காலையிலேயே ஆறு படத்தை நுணுக்கமாக எடுத்துத் தள்ளியிருந்தேன். இனி என்ன செய்ய? குமிழைச் சாதாரணத்துக்குத் திருப்பினேன். பதினைந்து குடும்பமும் கார்டில் அடங்கின. பெட்டியை மூடப்போகும்போது மட்டும், சட்டம் போட்டு மாட்ட ஒன்றாவது நன்றாக இருக்கட்டும் என்று மறுபடி நுணுக்கத்துக்குத் திருப்பி ஒரே ஒரு படம் எடுத்தேன். அதை நான் சரியாகக் கூடப் பார்க்கவில்லை. ஜின்சி அழுது விழுந்துகொண்டிருந்தாள்.

மாமா விஜயதாஸுக்கு இரண்டு பிள்ளைகள். ஜின்சிக்கு மூத்தவன் ராபின்சன். ஆறு வருஷத்துக்கு முன் அவன் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து, நெய்யாற்றில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தான். மாமா எங்கள் மிஷன் சபையில் முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்தினவர். மகனைக் கைக்குழந்தையாக ஆலயத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் ஞானஸ்நானம் செய்வித்தவர். "அப்பம் அண்ணு நான் செய்தது ஒண்ணும் இல்லையா? செரி, அப்படீண்ணா நான் உனக்கு அப்பனும் இல்ல. எனக்க சவத்தக் கூட நீ பாக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம். ஊழியம் என்று ராபின்சன் போபால் பக்கம் போய்விட்டான். முதலில் மாமிக்குக் கடிதங்கள் வந்தன, இரண்டு வருஷமாக அதுவும் இல்லை. மாமா இறந்த அன்று பழைய விலாசத்துக்கு ஒரு தந்தி கொடுத்தார்கள். நான் மஸ்கட்டிலிருந்து வந்து சேர மூன்று நாள் மாமாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். தந்தி கிடைத்திருந்தால் அவனும் ரயிலேறி வந்திருக்கலாம். தந்தி கிடைத்ததா, அவன் அங்கேதான் இருக்கிறானா, உயிரோடுதான் இருக்கிறானா, ஒன்றும் தெரியவில்லை.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் மதியம் கேமராவை டிவியில் மாட்டி எல்லோருக்கும் படம் காட்டினேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டதில் அறை கிணற்றுக்குள் இருப்பதைப் போல இருந்தது. வெளியே ரப்பர் இலைகளில் மழை ஒரே சீராகப் பெய்தது. டிவியில் ஒரு படம் போய் இன்னொன்று வந்தது. ஒவ்வொன்றிலும் நடுவில் மாமா, வெள்ளைக் கையுறையோடு, அதே அமைதியில். சுற்றி நிற்கிறவர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்கள். பார்க்கப் பார்க்க, மாமா எங்கேயோ உட்கார்ந்து ஒவ்வொருவரையாக உள்ளே கூப்பிட்டுப் பேசி அனுப்புகிறார் என்று தோன்றிவிட்டது. எனக்குத் தூக்கமும் விழிப்புமாக இருந்தது. பதினெட்டாவது படமா பத்தொன்பதாவதா நினைவில்லை, மாமி எழுந்து டிவியின் முன்னால் போய்க் குனிந்தாள்.

"மருமோனே, இத நிறுத்துங்க. இஞ்ச வேலிக்கு அங்கோட்டு நிக்கியது யாரு?"

பந்தலுக்குப் பின்னால் கிளுவை வேலி. அதற்கும் அப்பால் ரப்பர் மரங்களுக்கு நடுவே பெந்தெகொஸ்தேக்காரர்கள் போடுவது போல வெள்ளை முழுக்கைச் சட்டை போட்ட ஒருவன். படத்தில் அவன் உயரம் ஒரு நகக்கண் இருக்கும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு கறை.

"அது எனக்க பிள்ளயாக்கும்" என்றாள் மாமி. குரல் உயரவே இல்லை. அதுதான் என்னை ஆட்டிவிட்டது.

"அம்மா, சும்மா இரி. வெள்ளச் சட்ட போட்டவனெல்லாம் உனக்கு மவனா?" என்றாள் ஜின்சி. "வந்தவன் முன்வாசல் வழியா வரணும். களவாணி மாதிரி வேலிக்கப் பொறத்த நிண்ணிட்டுப் போவானா? வந்திருந்தாம்ணா அதுக்குத்தான் நான் அவன ஒருகாலமும் பொறுக்க மாட்டேன்." சொல்லிவிட்டு அவளே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இருபது லட்சம் புள்ளீண்ணு ஊரெல்லாம் கொட்டடிச்சியளே, அதுல ஒரு மனுஷனுக்க மூக்குக்குப் பத்துப் புள்ளி இல்லாம போச்சா?" என்றாள்.

நான் படங்களைத் தள்ளினேன். அடுத்த நாலைந்து படத்திலும் அந்த ஆள் இருந்தான், அதே கறையாக. கடைசிப் படம் வருவதற்குள் நாலு பேட்டரியும் செத்துவிட்டன. பேட்டரி தின்பதில் அந்தக் கேமரா கும்பகர்ணன். நான் ஊரில் விசாரித்தேன். டீக்கடை தாணு, அடக்கத்தன்று காலை திருவனந்தபுரம் பஸ்ஸிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் பையோடு இறங்கினான் என்றார். வேலிக்குப் பக்கத்து வீட்டுக்காரியோ, அது ஆரியங்கோட்டிலிருந்து ரப்பர் வெட்ட வருகிற ஆள் என்றாள். இரண்டு பேருமே சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள்.

படம் பார்த்த அன்று சாயங்காலம் கட்டிலில் மல்லாந்து கிடந்து, அந்தப் பாழாய்ப்போன கேமராவை மார்பில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இது இல்லாவிட்டால் ஸ்டுடியோக்காரர் பிலிமில் எடுத்திருப்பார். பிலிமுக்குக் குமிழ் திருப்புகிற வேலை இல்லை, கடைசிக் குடும்பம் வரை ஒரே நுணுக்கம்தான், வேண்டிய அளவு பெரிதாக்கலாம். ஆனால் அவர் குடும்பத்துக்கு ஒரு படம்தான் எடுப்பார், அதில் அந்த ஆள் விழாமலே போயிருக்கலாம். நான் வஞ்சனை இல்லாமல் சுட்டுத் தள்ளியதால் விழுந்தான். நிறைய எடுத்தேன், அதனால் அகப்பட்டான். நிறைய எடுப்பதற்காகத் திருப்பினேன், அதனால் முகம் போயிற்று. பார்த்த உடனே அழிக்கலாம், மூடிய கண்ணைத் திறக்கச் சொல்லி மறுபடி எடுக்கலாம், எல்லாம் சரி. கையில் தொட்டுப் பார்க்க மட்டும் ஒன்றும் கிடையாது. காலையில் நுணுக்கமாக எடுத்த ஆறும் நினைவுக்கு வந்தன. அதில் மாமாவின் காதோர நரைமயிரைக் கூட எண்ணலாம். இறந்தவரை யாரும் அவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியிருந்தது. நுணுக்கம் தேவையில்லாத இடத்தில் அள்ளிக் கொடுத்துவிட்டு, தேவைப்பட்ட இடத்தில் பிச்சைக்காரனாக நின்றேன். இப்படியே நினைத்துக் கண்ணசந்தபோது மரங்களுக்கு நடுவே வெள்ளைச் சட்டைகளாக நடந்துபோயின, ஒன்றுக்கும் தலை இல்லை. திடுக்கிட்டு எழுந்தேன். பெட்டி மூடும்போது எடுத்த கடைசிப் படம் நுணுக்கமானது என்று அப்போதுதான் உறைத்தது. அதிலும் வேலி இருக்கும், கம்ப்யூட்டரில் போட்டால் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

இதை மாமியிடம் சொல்லாமல் நானே முதலில் பாறசாலைக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் மாமி ஆலயத்துக்குப் போகிற வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஜின்சி வரவில்லை. "எனக்கு ஒண்ணும் பாக்கண்டாம்" என்று அடுக்களைக்குள் போய்விட்டாள். ஆட்டோ கிளம்பும்போது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன்.

பாறசாலையில் மோகனனின் கம்ப்யூட்டர் சென்டர் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில். செருப்பை வெளியே கழற்றிப் போட வேண்டும். கம்ப்யூட்டருக்காக அறையைக் குளிர வைத்திருந்தார்கள், ஜன்னல்களில் நீலத் தாள் ஒட்டியிருந்தது. மாமி அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, ஆலயத்தில் உட்காருவது போலக் கையைக் கட்டி உட்கார்ந்தாள். புதுப் பேட்டரி போட்ட கேமராவில் மோகனன் வயரை மாட்டி, முதலில் மாமி நிறுத்தச் சொன்ன படத்தைத் திறந்தான். "அந்த ஆள வலுதாக்கு" என்றேன். அவன் பெரிதாக்கினான். முகம் பத்துப் பன்னிரண்டு சதுரங்களாகப் பிரிந்தது, பழுப்பு, அரக்கு, சாம்பல். இன்னும் பெரிதாக்கச் சொன்னாள் மாமி. நாலு சதுரம். அதற்கு மேல் அது முகமே இல்லை, யாரோ முற்றத்தில் பதித்த தரை ஓடுகள். மாமி மட்டும் அந்த நாலு சதுரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி அந்தக் கடைசிப் படம்" என்றேன்.

"சாரே, அது வலிய பைலாக்கும். பைய பையத்தான் வரும். ஸ்கிரீன்ல முழுசும் கொள்ளவும் செய்யாது" என்றான் மோகனன். "ஏது மூலயாணு வேண்டியது?"

"வேலி உள்ள எடது மூல."

திரை முதலில் கறுப்பாக இருந்தது. பிறகு மேலேயிருந்து ஒரு விரல் அகலத்துக்கு வானம் வந்தது, மழை மேகத்தோடு. சற்று நின்றது. இன்னொரு விரல் அகலம், ரப்பர் இலைகள். ஒவ்வொரு இலையும் நனைந்து தனித்தனியாகத் தெரிந்தது, ஒன்றின் நுனியில் விழாமல் நின்ற துளி வரை. எடுத்தவன் நான், ஆனாலும் அன்று அந்தத் துளியை நான் பார்க்கவில்லை. மரப்பட்டையில் பால் வெட்டிய கோடுகள் வந்தன. அடுத்த விரல் அகலத்தில் கறுத்த தலைமயிர் வந்தது, வகிடு எடுத்து வாரியது. நெற்றியின் மேல்விளிம்பு தெரியத் தொடங்கியது.

மாமி எழுந்து, திரையில் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பொத்திவிட்டாள்.

"அம்மச்சி, கை எடுக்கணே" என்றான் மோகனன். நான் அவன் தோளைத் தொட்டு நிறுத்தினேன். கைக்குக் கீழே படம் பாட்டுக்கு இறங்கி வந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை, மேல் பட்டன் வரை மாட்டியது. நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. பிறகு கிளுவை வேலி, அதற்குக் கீழே சேறு. எல்லாம் வந்து முடிந்து, சுற்றியிருந்த எல்லாமே தெளிந்து கிடக்க, மாமியின் கை மட்டும் நடுவில் இருந்தது. விரலிடுக்குகளில் வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது.

"மருமோனே, நான் பாக்கல்ல" என்றாள். "பாத்து, இவன் அவன் இல்லேண்ணா நான் பெறவு எங்க போய்த் தேடுவேன்? எனக்கு இப்பம் ஆகெ உள்ளது இந்த ஒரு ஆளாக்கும். நீங்க பாருங்க. பாத்துட்டு, நான் கேக்குததுக்கு மட்டும் சொல்லுங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை எடுத்தாள்.

நான் பார்த்தேன். அவன் இரண்டு கையாலும் ஒரு தோர்த்துத் துண்டை முகத்தில் அழுத்திப் பிடித்திருந்தான். தோர்த்தின் சிவப்புக் கரை தெரிந்தது. கைக்கடிகாரத்தின் வார் தெரிந்தது. மணிக்கட்டில் நரம்பு எழும்பி நின்றது கூடத் தெரிந்தது. முகம் மட்டும் தோர்த்துக்குள் இருந்தது. ராபின்சனை நான் கடைசியாகப் பார்த்தது என் கல்யாணத்தில், அது எட்டு வருஷத்துக்கு முன்பு. அந்த நெற்றி அவனுடையதா? கர்த்தர் சாட்சியாக எனக்குத் தெரியவில்லை.

"மெலிஞ்சிருக்கானா?" என்றாள் மாமி.

"இல்ல மாமி. நல்லாத்தான் இருக்கான்."

"மழயில நனைஞ்சிருக்கானா?"

"கொஞ்சம் நனைஞ்சிருக்கான்."

அவள் தலையாட்டினாள். கீழே துணிக்கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது.

"அப்பனுக்கு வேண்டி அழுதானா?"

"ஆமா மாமி" என்றேன். "அழுறான்."

மாமி கண்ணைத் திறக்கவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, கை தடவித் தடவி அந்த இடத்தைக் கண்டுபிடித்து, திரையின் கண்ணாடியை மெல்ல, மேலிருந்து கீழாகத் துடைத்தாள். துணி படும்போதெல்லாம் கண்ணாடியில் தேங்கிய மின்சாரம் நொறுநொறுவென்று பொரிந்தது, அவள் முழங்கை மயிர்கள் சிலிர்த்து நின்றன. நெற்றியைத் துடைத்தாள். பிறகு ஒரு கன்னம். பிறகு மற்றக் கன்னம்.