நனையாத முக்காலி

கர்ர்ர்! கல்மேசைக்கு அடியில் ஏதோ உறுமியது.

"என்ன சத்தம் அது?" என்றார் அதிகாரி ட்ஸ்வெட்லர், ஆப்பிள் ஸ்ட்ரூடல் பலகாரத்தில் முள்கரண்டியைக் குத்தியபடி.

"வயசான தோட்டம் ஐயா, அதுக்கும் பசிக்குது போல" என்றேன்.

நான் வால்புர்கா, இந்த மாளிகையின் சமையல்காரி. மழை பெய்தால் பெரிய கூடம் முழுக்க ஒழுகும். ஒழுகலைப் பிடிக்க என் பாத்திரங்கள் பதினேழும் அங்கே போய்விடும். அன்றைக்கு எல்லோருக்கும் ரொட்டியும் வெண்ணெயும்தான். கூரைக்கு அரசாங்கம் உதவ வேண்டுமானால், தோட்டத்தின் பழைய நீர் விளையாட்டு இன்னமும் வேலை செய்கிறது என்று ட்ஸ்வெட்லர் சான்று தர வேண்டும்.

விருந்தாளிகளை நனைத்துச் சிரிப்பதற்காகவே என் எஜமானி சீமாட்டி லியோபோல்டினின் மூதாதை ஒருவர் கட்டிய மேசை இது. சுற்றிலும் பத்துக் கல் முக்காலிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. தலைமாட்டில் பிரபு உட்காரும் முக்காலிக்கு மட்டும் துளை கிடையாது. அந்த இடத்தில் இருப்பவர் எழும்வரை மற்றவர்கள் எழக்கூடாது. நாலு தலைமுறைக்கு முந்திய கட்டளை இது, சீமாட்டி இன்றும் அதை மீறமாட்டார்.

ட்ஸ்வெட்லரை மூன்றாவது முக்காலியில் உட்கார வைப்பதாகத்தான் ஏற்பாடு. வேலிச்செடிக்குப் பின்னால் தோட்டக்காரன் கார்பினியன் குழாயைத் திறக்கத் திருகுசாவியோடு காத்திருந்தான். தலைமாட்டுக்காரர் எழுந்தால்தான் மூடுவான்.

ஆனால் வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே! அதிகாரியைக் கண்டதும் சீமாட்டி, "நீங்க விருந்தாளி, தலைமாட்டுல உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். இப்போது உறுமல் கேட்டதும், துணைக்குப் பக்கத்து முக்காலியில் இருந்த நான் மேசைக்கடியில் சீமாட்டியின் காலை உதைத்தேன்.

"ஏன்டி உதைக்கிற?"

பதில் சொல்வதற்குள் குழாய் உறுமி முடித்தது. புஸ்ஸ்!

கீழிருந்து பனிக்கட்டித் தண்ணீர் பீறிட்டது. நான் "ஐயோ!" என்று துள்ளினேன். சீமாட்டி என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"அவர் இன்னும் எழுந்திரிக்கல."

"அம்மா, உறைஞ்சு போயிருவோம்!"

"உறைஞ்சா உறை. உக்காந்தே உறை."

சொட்டு படாமல் ட்ஸ்வெட்லர் எதையோ எழுதினார், பேனாவை மூடினார், எங்களைப் பார்த்தார், ஸ்ட்ரூடலைப் பார்த்தார். அது தீர்ந்ததும் தட்டில் ஒட்டிய சர்க்கரைத் தூளை விரலால் துடைத்துத் தின்றார். சீமாட்டியின் தொப்பியில் இருந்த இறகு மூக்கின் மேல் படிந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் காபி?" என்றார் சீமாட்டி, பல் கிடுகிடுக்க.

"வேணாம், திருமதி."

சீமாட்டி, பிரபு போன்ற பட்டங்களைச் சட்டம் ஒழித்து நூறு வருடமாகிறது. அதிகாரி சட்டப்படிதான் கூப்பிடுவார். எனக்குக் குளிர் பொறுக்கவில்லை.

"ஐயா, நீங்க எப்பதான் எழுந்திரிப்பீங்க?"

ட்ஸ்வெட்லர் முகம் சிவந்து, காகிதத்தை எங்கள் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்து போட்டு கால் மணி நேரமாச்சு, சீமாட்டி. வீட்டுக்காரங்க எழுந்திரிக்காம விருந்தாளி எப்படி எழுந்திரிக்கிறதுன்னுதான் உக்காந்திருக்கேன்."