மேசைமேல் நடந்த படையிறக்கம்

கிள்ளானை அடுத்த காப்பார் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், துரையின் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவன் வேலாயுதம். மதராஸ் பட்டாளத்தில் ஐந்து வருடம் இருந்துவிட்டு, சண்டை முடிந்ததும் மனைவி வீரம்மாவோடு கப்பலேறி மலாயாவுக்கு வந்தவன். பட்டாளத்தில் இருந்ததை அவன் தோட்டத்தில் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

1921ஆம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். புதிதாக வந்திருந்த துரை, கிள்ளானிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்களை விருந்துக்கு அழைத்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் பேச்சு யுத்தத்தின் பக்கம் திரும்பியது. துரை மேசையிலிருந்த கத்திகளைக் கப்பல்களாக அடுக்கினார். கைத்துணியை மடித்துக் கரையாக்கினார். ஆப்பிரிக்காவில் ஜெர்மன்காரர்களின் துறைமுகம் ஒன்றைப் பிடிக்க எட்டாயிரம் பேரைக் கடல்வழியாக இறக்கிய திட்டத்தைப் போட்டவர்களில் தானும் ஒருவன் என்றார். எந்தப் படகில் எந்தப் பட்டாளம், எத்தனை மணிக்கு எந்த இடம், எல்லாம் காகிதத்தில் கச்சிதமாக இருந்ததாம்.

“கெடுத்தது அந்த மதராஸ் கூலிகள்தான். முதல் வேட்டுச் சத்தத்திலேயே ஆடுகளைப் போல ஓடிவிட்டார்கள்.”

காப்பித் தட்டோடு நின்ற வேலாயுதத்துக்கு அந்த இங்கிலீஷ் முழுவதும் புரிந்தது.

“நாங்க ஓடல, தொரை,” என்றான் தமிழில். பிறகு அதையே இங்கிலீஷில் சொன்னான்.

துரை எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தார். மூலையிலிருந்த பிரம்பை எடுத்து முகத்தில் விளாசினார். மூன்றாவது அடியில் புருவம் கிழிந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அடுத்த அடி விழுமுன் வேலாயுதம் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து மேசை விளிம்பில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்தது. துரை அலறினார். அவன் விடாமல் இன்னொரு முறை அடித்தான். விருந்தாளிகள் இருவரும் நாற்காலியால் தாக்கித்தான் அவனைக் கீழே தள்ள முடிந்தது.

அன்று சாயங்காலமே வீரம்மாவைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள்.

கிள்ளான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர். விசாரணைக்கு முன் கூண்டருகே வந்து மெல்லச் சொன்னார்.

“தம்பி, வெறியில செய்துபோட்டன் எண்டு சொல்லும். தண்டனை குறையும்.”

“நான் குடிக்கலைங்க ஐயா. நடந்ததத் தமிழ்லயே சொல்றேன். நீங்க அப்படியே சொல்லுங்க, போதும்.”

சொன்னான்.

“ஒரு மாசம் கப்பல் அடித்தட்டுல கெடந்தோம். இறங்கறப்பவே பாதிப் பேருக்கு நிக்கத் தெம்பில்ல. நாங்க வர்றது எதிரிக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. கரைன்னு காட்டின எடம் வெறும் சதுப்பு. நெஞ்சு வரைக்கும் சேறு. துப்பாக்கியத் தலைக்கு மேல தூக்கிட்டு நடந்தோம். மெஷின் கன் அடிச்சுது. எனக்கு முன்னால போனவன் திரும்பிப் பாத்தான், பாதி மூஞ்சி இல்ல. அப்பவும் நாங்க ஊருக்குள்ள வரைக்கும் போனோம், ஐயா. தேன்கூட்டுல குண்டு பட்டு, மொகம் பூரா தேனீ. கண்ணத் தொறக்க முடியாமயே சுட்டோம்.”

கந்தையா வரி வரியாக நீதிபதிக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார்.

“என் தம்பி கன்னையாவுக்குத் தாடையில குண்டு. திரும்பி வாங்கன்னு உத்தரவு வந்தப்புறந்தான் அவன முதுகுல போட்டுட்டுக் கடலுக்கு வந்தேன். படகுல எடமில்லன்னாங்க. தம்பி கையத் தூக்கிப் படகு விளிம்புல வெச்சேன். ஒருத்தன் துடுப்பால அந்த வெரலு மேலயே அடிச்சான். தம்பி தண்ணிக்குள்ள போயிட்டான்.”

“போதும்” என்றார் நீதிபதி.

“கைதி இன்னும் முடிக்கவில்லை, ஐயா” என்றார் கந்தையா.

நீதிபதி அவரை முறைத்துவிட்டு, கையில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த துரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஏன் இரண்டு முறை அடித்தாய்?”

“மொத அடி அவருக்கு. ரெண்டாவது யாருக்குன்னு எனக்கே தெரியலைங்க.”

ஒரு வருடம் கடுங்காவல். அதிகப்பிரசங்கித்தனத்துக்காகக் கந்தையாவுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. விசாரணை முழுவதையும் கேட்டுவிட்டு வந்து கோர்ட் வாசலில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த வீரம்மாவை, பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளையில் தமக்குத் தெரிந்த கங்காணியிடம் அனுப்பிவைத்தவர் அவர்தான்.

இரண்டு மாதம் கழித்து அவள் வேலாயுதம் இருந்த புடு ஜெயிலுக்கு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவனை வெகுநேரம் பார்த்தாள். கல் சுமந்து அவள் உள்ளங்கை வெடித்திருந்தது.

“உன் தம்பி காய்ச்சல்ல செத்தான்னுதான எங்கிட்டச் சொன்ன? கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒரு வார்த்த சொல்லலயே. அவ்வளவு பேருக்கு முன்னால கோர்ட்லயா நான் கேக்கணும்?”

வேலாயுதம் கம்பியில் நெற்றியை வைத்தான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். வார்டர் நேரமாகிவிட்டது என்று கம்பியைத் தட்டினான்.

“ஊருக்கு எழுதட்டுமா?” என்று கேட்டாள்.

“வேணாம். அம்மா காய்ச்சல்னே நெனச்சுக்கட்டும்.”

அவள் சரியென்றாள். அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிவிட்டு, சூளைக்கு நேரமாகிவிட்டதால் வேகமாக நடந்தாள்.