அக்கி எழுதிய கை

புவனாவின் வலது கையில் முதல் முறை அக்கி எழுதி நாற்பத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பானை வனையும் மண்ணுடையார் அன்று மாலை மூன்றாம் முறை எழுத வருவதாக இருந்தது. அதுவரை ஆஸ்பத்திரி மருந்து எதுவும் வாயில் படக்கூடாது என்று அவர் பத்தியம் சொல்லியிருந்தார்.

1994-ல் நான் தொழுநோய்ப் பிரிவில் ஊழியர். விலங்கியல் பட்டம் வாங்கியதும் கிடைத்த வேலை. அன்னூர்ச் சுற்றுவட்டாரம் என்னுடையது. நோயாளி வீட்டுக்கு ஜீப்பில் போனால் ஊர் பேசும் என்று பஸ்ஸில்தான் போவேன்.

புவனாவின் வீட்டில் என்னை ரத்தசோகைக்கு மாத்திரை கொடுக்கும் பெண் என்று நினைத்திருந்தார்கள். அப்படிச் சொல்லச் சொன்னது அவள்தான். கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. ரத்தம் ஊறினால் பேரன் வருவான் என்று மாமியார் சாமியாத்தாள் தினமும் பாலைக் காய்ச்சி, பக்கத்தில் நின்று மாத்திரையை விழுங்க வைப்பார். என் நோயாளிகளில் ஒரு நாளும் தவறாமல் மருந்து சாப்பிட்டவள் புவனா மட்டுமே. அது ஐந்தாவது மாதம்.

"வாங்க அம்மணி. உங்க மாத்திரையத் தூக்கிப் பரண்மேல போட்டுபோட்டேன்" என்றார் சாமியாத்தாள்.

"ஏனுங்கம்மா?"

"புள்ளைக்குச் சூடு கெளம்பிக் கெடக்குது. ரத்தம் ஊறட்டும்னு குடுத்தா, ஊறுன ரத்தம் தோலப் பிச்சுக்கிட்டு வாராப்பல இருக்குது. கையப் பாருங்க."

முழங்கைக்குக் கீழே, அக்கி இறங்க மண்ணுடையார் காவியில் எழுதிய ஒரு சிங்கம். காய்ந்து வெடித்திருந்தது. போன மாதம் அந்த இடத்தில் வெளிறிய தேமல்தான் இருந்தது. இப்போது சிவந்து, தடித்து, தொட்டால் சுட்டது.

"சித்தெ இருங்க, டீ வெச்சுப்போட்டு வாரேன். எங்கூட்டு டீ குடிப்பீங்கல்ல?"

"போன தடவையும் குடிச்சேனுங்கம்மா."

"அட, ஒரு பேச்சுக்குக் கேக்கறதுதான்" என்று சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனார்.

நான் புவனாவின் முழங்கை எலும்புக்குப் பின்னால் விரலை வைத்தேன். நரம்பு கயிறு போலத் திரண்டிருந்தது. அவள் உதட்டைக் கடித்தாள்.

கைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டை எடுத்தேன். "சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவுல இறுக்கிப் பிடிங்க."

இழுத்தேன். புத்தகத்திலிருந்து தாளை உருவுவது போல வந்துவிட்டது. இடது கையில் கொடுத்து இழுத்தபோது டிக்கெட் கிழிந்தது.

இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "மருந்து ஒத்துக்கலீங்களா, அக்கா?"

"ஒத்துக்கிச்சுங்க. அதனாலதான் இப்படி."

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் பேச வராது. மெதுவாகச் சொன்னேன். அந்தக் கிருமி நரம்புக்குள் வருடக்கணக்காக ஒளிந்திருக்கும். ரத்தத்தில் இருக்கும் காவல் செல்களுக்கு அது கண்ணில் படவே படாது. மருந்தில் கிருமி சாகச் சாக, அவை சட்டென்று விழித்துக்கொள்ளும். கூட்டமாக நரம்புக்குள் இறங்கும். நரம்பு ஒரு குறுகலான உறை. அந்த வீக்கத்துக்கு அதில் இடம் கிடையாது. கிருமி கெடுத்ததைவிட வேகமாக இந்த நெரிசல் நரம்பைக் கெடுத்துவிடும்.

"நம்ம செல்லுகளேவா நம்மள அடிக்குது?"

"அதுக உங்களக் காப்பாத்தத்தான் வருதுங்க. போன மாசம் அரிவாள் பட்டுக் காயமாச்சே, அத ஆத்துனதும் அதுகதான். இப்ப எங்க நிறுத்தறதுன்னு தெரியல. அமத்தி வெக்க வேற மாத்திரை இருக்குது. டாக்டர் பாத்துத்தான் குடுப்பாரு. பன்னெண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சா இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம். முழங்கைய அசையாமக் கட்டுவாங்க. பழைய மாத்திரையையும் நிறுத்தக் கூடாது."

"அத்தைகிட்ட ரத்தசோகை முத்திப்போச்சுன்னு சொல்லுங்க."

"ரத்தசோகைக்கு முழங்கையில கட்டுப் போடுவாங்களாங்க?"

சிரித்துவிட்டாள். உடனே கண் நிறைந்தது. "என்னையச் சத்தியமங்கலத்துக்கு எங்கம்மா ஊட்டுக்கே அனுப்பிப்போட்டாங்கன்னா? அங்க எனக்குப் பின்னால ரெண்டு தங்கச்சிங்க கல்யாணத்துக்கு நிக்கறாங்க, அக்கா. சொல்லாம உட்டா என்ன ஆகும்?"

"ரெண்டு விரலும் மடங்கிக்கும். நாள் தள்ளத் தள்ள மருந்துக்கும் திரும்பாது."

"நீங்க சொல்லிப்போடாதீங்க."

"நீங்க சொல்லாம நான் சொல்லமாட்டேனுங்க."

சாமியாத்தாள் டீயோடு வந்தார். புவனா வலது கையை நீட்டி டம்ளரை வாங்கினாள். அது நழுவி விழுந்து தரையெல்லாம் டீ ஓடியது.

"போனாப் போகுது, உடு. கை பிசகிருச்சாட்ட இருக்குது. இங்க காட்டு கண்ணு." சாமியாத்தாள் அவளருகில் உட்கார்ந்து, கையை மடியில் இழுத்து வைத்து, கட்டைவிரலால் முழங்கையை அழுத்தி உருவத் தொடங்கினார். புவனா கத்திவிட்டாள்.

"உருவாதீங்கம்மா!" என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

சாமியாத்தாள் நிமிர்ந்தார். "ரத்தசோகைக்காரிக்குக் கைய உருவக் கூடாதுன்னு எந்த பொஸ்தகத்துல அம்மணி போட்டிருக்குது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். புவனாவும் குனிந்திருந்தாள். சாமியாத்தாள் எங்கள் இருவரையும் பார்த்தார். மெல்ல அவர் முகம் மாறியது. கோபம் வரும் என்று நினைத்தேன். முகம் மலர்ந்தது.

"அடியே கண்ணு, நாள் தள்ளிப்போயிருக்குதா? அதுக்குத்தான் ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிட்டீங்களா? அதுதான் உருவக் கூடாதா? ஏனுங்க அம்மணி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கா வந்தீங்க? போங்க, இப்பவே போங்க. மண்ணுடையாரை நான் வர வேண்டாம்னு சொல்லிக்கறேன். எம் பையன் தம்பிதுரைக்கு மில்லுக்கு போன் போட்டுச் சொல்லட்டுமா?"

அவர் புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு கை புவனாவின் கையை விடவில்லை.

புவனா தலையை ஆட்டினால் போதும். பன்னிரண்டு மணி பஸ் கிடைத்துவிடும். இன்றே மாத்திரை கிடைத்துவிடும். கட்டுக்கு ஏதாவது காரணம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். நான் அவளைப் பார்த்தேன். ஆட்டிவிடு என்றுதான் மனதுக்குள் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டவில்லை. மாமியாரின் ஈரமான முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையால் காவியைச் சுரண்டினாள். சிங்கத்தின் வால் உதிர்ந்தது. அடியில் தோல் செக்கச்செவேலென்று இருந்தது.

"புள்ளை இல்லீங்க அத்தை" என்றாள். "அக்கியும் இல்லீங்க. அந்த மாத்திரை ரத்தத்துக்கு இல்லீங்க. எனக்குப் பெருவியாதிங்க."